ஓம் என்று சொல்லித் திருவொற்றியூர் போனோம்

எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் நான் சொன்னது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லுக்காக எங்கள் இரண்டு பேரையும், தகரப் பெட்டியையும், பனங்கட்டி நிறைத்த ஓலைக் குட்டானையும் ஒரு ஜட்காக்காரர் இழுத்துக்கொண்டுபோய்ச் சிவன் கோயில் வாசலில் இறக்கிவிட்டார். நாங்களோ மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர்.

முதலில் ஆர் எவர் என்று சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துப் பாஷையூரில் தையல்கடை வைத்திருக்கிற மரியாம்பிள்ளை நான். என்னோடு வந்தது என் தங்கச்சி றெஜினா. ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிற சவரிமுத்து என்பவருக்கு அவளைப் பேசி முற்றாக்கியிருந்தது. அவர் ஒருமுறை ஓடு ஏற்றின தோணியோடு எங்கள் துறைக்கு வந்து, தூரத்துச் சொந்தம் என்று வீட்டுக்கும் வந்து, நண்டுக் குழம்போடு சோறு சாப்பிட்டுப் போனவர். பேந்து அவருடைய தாயார் ஆள் அனுப்பிப் பெண் கேட்டா. அப்பு, எங்கள் தகப்பன், றெஜினாவைக் கூப்பிட்டு, "என்ன பிள்ளை, செய்வமோ?" என்றார். அவள் "ஓம்" என்றாள். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. அப்பு நோயாளி, கடல் தாண்ட ஏலாது, அம்மா அவரை விட்டுவிட்டு வர ஏலாது, ஆகவே நான் கூட்டிக்கொண்டு வந்தேன்.

கப்பலில் நான் பட்ட பாட்டையும் ரயில் கரி என் வெள்ளை வேட்டிக்குச் செய்த அநியாயத்தையும் எழுதினால் வாசிக்கிறவர்களுக்கும் வயிற்றைப் பிரட்டும். விடுங்கள். ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால் மாப்பிள்ளையைக் காணவில்லை. கப்பல் வந்திருக்கிறது, வேலையை விட்டு வர ஏலாது, நீங்களே வாருங்கள் என்று முன்னமே சொல்லியனுப்பியிருந்தார். நியாயந்தான். ஆனாலும் எனக்குக் கோவம்.

ஜட்காக்காரர் வண்ணாரப்பேட்டைப் பாய். மருதாணி போட்ட தாடி. "ராயபுரம், கோயிலடி" என்றேன். எங்களுக்கு மாதா கோயிலும் கோயில்தான், வேறு பேர் கிடையாது.

"இன்னா கோயிலு? ஒத்தியூர் கோயிலாண்டயா?"

அவர் கேட்ட வேகத்தில் கோயில் என்றது மட்டும்தான் என் காதில் விழுந்தது. "ஓம்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓமா?"

"ஓம், ஓம்."

"சர்தான்" என்று சொல்லிக் குதிரையைத் தட்டினார்.

போனோம், போனோம், போய்க்கொண்டே இருந்தோம். கொருக்குப்பேட்டை ரயில் கேட்டில் சரக்கு வண்டி ஒன்று எங்களை மறித்துக்கொண்டு, முன்னுக்கு ஒரு முழம் பின்னுக்கு ஒரு முழமாய் விளையாடியது. மண்ணெண்ணெய் நாற்றம் வந்தது, பிறகு கருவாட்டு நாற்றம் வந்தது, பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது. கருவாடு மட்டும் எங்கள் ஊர்தான். காலடிப்பேட்டை தாண்டும்போது றெஜினா மெல்ல, "அண்ணை, ராயபுரம் இவ்வளவு தூரமோ?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? "ஓம்" என்றேன்.

வண்டி நின்ற இடத்தில் தலையை வெளியே நீட்டினால், வானத்தை முட்டுகிற கோபுரம். ஒரு பூக்காரி ஓடிவந்து றெஜினாவின் மடியில் ஒரு முழம் மல்லிகையைப் போட்டுவிட்டாள். நான் சட்டைக்குள் கையை விட்டு, கழுத்தில் கிடந்த, மாதா படம் தைத்த உத்தரியத்தை வெளியே இழுத்துப் பாய்க்குக் காட்டினேன்.

"மாதா கோயிலா!" பாய் தலையில் கையை வைத்தார். "அத்த அங்கியே சொல்றதுக்கு இன்னா? ஓம் ஓம்னு நீதானே மந்திரம் சொன்னே? ராயபுரம் தாண்டி ஒத்தியூர் சிவன் கோயிலுக்குத்தான் வந்துகினு கீறேன்னு நெனச்சேன்."

"ஓம் எண்டால் ஆமாம்."

"எந்த ஊர்ல?"

"எங்கட ஊரிலை."

அவர் கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். "நான் முஸ்லிம், நீ கிறிஸ்தவன். ரெண்டு பேரும் சிவன் கோயில் வாசல்ல குந்திகினு சண்ட போட்டுகினு கீறோம். நல்லாவா கீது? ஏறு" என்று குதிரையைத் திருப்பினார். வழி முழுக்க "ஓமாம், ஓமாம்" என்று தனக்குள்ளே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். றெஜினாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மல்லிகையைத் திருப்பிக் கொடுக்க மறந்தாள் என்று நினைத்தேன். பார்த்தால் தலையில் வைத்திருந்தாள்.

ராயபுரத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு எதிர் வீட்டில் எங்களை இறக்கினார்கள். கலியாணம் முடியுமட்டும் பெண் மாப்பிள்ளை வீட்டில் படுக்கக்கூடாது என்கிற முறை இரண்டு ஊரிலும் உண்டு. ஆனால் சாப்பாடு மாப்பிள்ளை வீட்டில்தான். தாயார் அந்தோணியம்மா நல்ல உயரம், நல்ல குரல். வாசலில் நின்றே, "வா நைனா, குந்து, துன்னு" என்று மூன்று சொல்லில் விருந்தை முடித்துவிட்டா.

சாப்பாட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன், சொன்னால் நாக்கு அழுகும். வஞ்சிர மீன் குழம்பு, நெத்திலிப் பொரியல், சோறு மலை மாதிரி. குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல். எங்கள் ஆட்கள் தேங்காய்ப் பாலை ஊற்றி அந்தப் புளியை அடக்கியிருப்பார்கள். காலையில் இட்டிலி. புட்டு இடியப்பத்துக்குப் பழகின வயிறு முதலில் கொஞ்சம் திகைத்தது, நாலாவது இட்டிலியில் சமாதானமாகிவிட்டது. தேத்தண்ணி கேட்டால் காப்பி தந்தார்கள். அதை மட்டும் மன்னிக்க ஏலாது.

சிக்கல் சாப்பாட்டில் இல்லை, அந்தோணியம்மாவின் வாயில் இருந்தது. பெண்ணின் தமையன் நாலு வார்த்தை பெருமையாய்ச் சொல்ல வேண்டாமோ? "றெஜினா நல்லாய்ச் சமைப்பாள்" என்றேன்.

"சர்தான்" என்றா.

"என்னைவிடத் திறமாய்த் தைப்பாள்."

"சர்தான்."

"கோயிலிலை பாட்டும் படிப்பாள்."

"சர்ர்தான்!" என்று உதட்டைப் பிதுக்கி, இன்னும் ஒரு கரண்டி சோற்றை என் இலையில் போட்டா.

இதென்ன பேச்சு என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த நாள் டிராமில் போனபோது ஒருத்தன் டிக்கட் வாங்கிவிட்டேன் என்று சாதித்தான். கண்டக்டர், "சர்தான், எறங்குய்யா" என்று அவனை இறக்கிவிட்டார். மீன் சந்தையில் இரண்டு பெண்கள் சண்டை. ஒருத்தி விலை சொன்னாள், மற்றவள் "சர்தான் போடி" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அப்போதுதான் எனக்குத் தலைக்குள் விளக்கு எரிந்தது. சர்தான் என்றால் போய்த் தொலை. அந்த மனுசி என் தங்கச்சியை, என் முகத்துக்கு நேரே, சோற்றையும் போட்டுக்கொண்டு நையாண்டி பண்ணியிருக்கிறா.

எனக்கு வந்த கோவத்தில் வெயிலும் தெரியவில்லை. நேரே துறைமுகத்துக்கு நடந்தேன். சவரிமுத்துவுக்குப் பாரந்தூக்கி ஓட்டுகிற வேலை. அவர் மேலே தகரக் கூண்டுக்குள் இருந்தார், கீழே கப்பலில் இருந்து சாக்கு மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. கயிறு கட்டுகிறவர்கள் தெலுங்கர், "சரே, சரே" என்றார்கள். அவர்களுக்கு மேலே ஒரு முஸ்லிம் மேஸ்திரி, "அச்சா" என்று கையைத் தூக்கினார். கப்பல் தட்டில் நின்ற வெள்ளைக்காரன் "ஆல்ரைட்" என்றான், அதை ஒருத்தன் வாங்கி "ஆல்ரேட்டே!" என்று கூண்டைப் பார்த்துக் கத்தினான். அதற்குப் பிறகுதான் மூட்டை அசைந்தது. ஒரு மூட்டைக்கு எத்தனை ஆமாம்!

கோவத்தை மறந்து கொஞ்ச நேரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவர்களின் சரே எங்களின் சரிதான். நான் தையல்காரன், எனக்குச் சரி என்றால் என்ன என்று நல்லாய்த் தெரியும். சட்டையை மடித்துப் பிடித்தால் இந்தக் கையும் அந்தக் கையும் ஒரே நீளத்துக்கு வர வேண்டும், அதுதான் சரி. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போவதுக்குத்தான் அந்தச் சொல் பிறந்திருக்கும். அதே சொல் கரை சரிந்தது, மண் சரிந்தது என்றும் வருகிறதே, அது ஏன் என்று தமிழ் படித்தவர்களைத்தான் கேட்க வேண்டும். எங்கள் ஓம் வேறு பிறப்பு. ஆகும் என்றது தேய்ந்து ஆம், அந்த ஆம் எங்கள் கடற்காற்றில் வாய் குவிந்து ஓம் என்று நான் நினைக்கிறேன். இல்லை, அது பிரணவம்தான் என்று எங்கள் பக்கத்துச் சைவக்காரர் அடித்துச் சொல்லுவார்கள். அந்த வழக்கைத் திருவொற்றியூரில் பாய் முன்னமே தீர்த்துவிட்டார்.

சவரிமுத்து இறங்கி வந்தார். முகமெல்லாம் கரி. நான் நேரே தொடங்கினேன். "உங்கட அம்மாவுக்கு என்ர தங்கச்சியைப் பிடிக்கேல்லையெண்டால் நேரை சொல்லட்டும். சோறும் போட்டுப் பகிடியும் பண்ண வேண்டாம்."

விசயத்தைக் கேட்டதும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட இன்னா மாமு நீங்க. சரிதான்னு சொல்றத நாங்க வேகமா சொல்றோம், அவ்ளோதான். சர்தான்னா சர்தான். சர்தான் போன்னாத்தான் வம்பு. எங்கம்மா போன்னு சொல்லிச்சா?"

"இல்லை."

"ஒதட்ட பிதுக்கிச்சா?"

"ஓம்."

"அது சந்தோசம். எங்கப்பாவ பத்தி பேசும்போதும் அப்டித்தான் பிதுக்கும்."

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. திரும்பப் போகலாம் என்று பார்த்தால் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துணி கறுத்ததே தவிர கை வெளுக்கவில்லை.

"உங்க பேஜாரு தீந்துச்சு. என் பேஜாரு ஒண்ணு கீது" என்றார். "அவங்க எதுக்கும் ஓம்ங்கறாங்க. ஊரு புடிச்சுதான்னு எங்கம்மா கேட்டுச்சு, ஓம். வெயிலு தாங்கலியான்னு கேட்டுச்சு, அதுக்கும் ஓம். நேத்து நான் எதுர்ல வந்தேன், நல்லா கீறீங்களான்னேன், ஓம்னுட்டு உள்ள போய்ட்டாங்க. இங்க ஆல்ரைட் சரியா காதுல வுழலன்னா நான் மூட்டைய தூக்க மாட்டேன். கீழ ஆளு கீறான் இல்ல? இது ஒரு பொண்ணோட ஆயுசு."

"அப்பு கேட்டவர், அவள் ஓம் எண்டவள்."

"அப்பா கேட்டா யாரு இல்லன்னுவா? நீங்க கேட்டு சொல்லுங்க. இஷ்டமில்லன்னா நான் நிறுத்திட்டேன்னு சொல்லிக்கறேன். பழி என் மேல போவட்டும்."

நல்ல மனுசன். நல்ல மனுசனாய் இருந்ததுதான் என் நிம்மதியைக் கெடுத்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி, எனக்கோ மறுமொழி தெரியாது. கூட வளர்ந்தவன் எனக்கே தெரியாது. எங்கள் வீட்டில் ஓம் என்றால் சம்மதம், ஓம் என்றால் கேட்டது, ஓம் என்றால் விளங்கிவிட்டது, ஓம் ஓம் என்று இரண்டு தரம் சொன்னால் என்னைச் சும்மா விடு. அவள் அப்புவிடம் சொன்னது எந்த ஓம்? விருப்பமில்லாத பிள்ளையைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து விட்டவன் என்று நான் காலம் முழுக்கத் திரிய ஏலாது. கலியாணம் நாளையண்டைக்கு, நடுவில் ஒரே ஒரு நாள்.

அன்று பின்னேரம் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வலை காய்ந்துகொண்டிருந்தது. பட்டாணி வாங்கிக் கையில் கொடுத்தேன்.

"பிள்ளை, உனக்கு இந்தக் கலியாணம் விருப்பமோ?"

"ஓம் அண்ணை."

"அப்புவுக்குப் பயந்து சொல்லாதை. இல்லையெண்டால் நாங்கள் திரும்பிப் போவம். ஊர் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்ளுறன்."

"ஓம் அண்ணை."

"எதுக்கு ஓம்? கலியாணத்துக்கோ, திரும்பிப் போறதுக்கோ?"

அவள் ஒரு பட்டாணியைக் கடித்தாள். "ஓம்" என்றாள்.

எனக்கு விசர் பிடித்தது. ஆனால் சத்தம் போடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் ஏதோ சொல்ல வருகிற மாதிரியும் இருந்தது, நான் பார்க்கிறேன் என்று விழுங்குகிற மாதிரியும் இருந்தது. திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் சவரிமுத்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த நாள் உபதேசியார் வந்து இரண்டு பேருக்கும் கோயில் முறையைச் சொல்லிக் கொடுத்தார். சுவாமியார் கேட்கும்போது பெண் 'சம்மதம்' என்று சொல்ல வேண்டும். "சரியாம்மா?" என்றார். "ஓம்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

கலியாணத்தன்று கோயில் நிறைந்த சனம். துறைமுகத்து ஆட்கள், சந்தைப் பெண்கள், எதிர் வீடு, அடுத்த வீடு. நான் தைத்த சட்டையும் கூறைச் சேலையுமாய் றெஜினா நின்றாள். கைச் சுருக்கு ஒரு நூல் பிசகவில்லை, அதையாவது சொல்லிக்கொள்ளலாம். சுவாமியார் சீமையில் இருந்து புதிதாய் வந்தவர், தமிழைப் புத்தகத்தில் படித்தவர். ஒவ்வொரு எழுத்தாய் உச்சரித்தார். சவரிமுத்து "சம்மதம்" என்றார். பிறகு சுவாமியார் றெஜினாவிடம் திரும்பினார். இவரை உன் கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார்.

"ஓம், சுவாமி."

சுவாமியார் புத்தகத்தை மூடினார்.

"பெண்ணே, இது சிவாலயம் அன்று. அந்த மந்திரத்தை இங்கே உச்சரித்தல் ஆகாது."

பின்னால் சனம் கசகசத்தது. "புள்ள இந்துவா?" என்று யாரோ கேட்டார்கள். முன்னால் ஓடிப்போய் உத்தரியத்தைக் காட்டலாமா என்று சட்டைக்குள் கையை விட்டேன். அதற்குள் சவரிமுத்து பேசினார்.

"சாமி, அவங்க ஊர்ல அப்டின்னா ஆமான்னு அர்த்தம். மந்திரம் இல்ல."

"அப்படியானால் சரி" என்று சுவாமியார் புத்தகத்தைத் திறந்தார்.

"இல்ல சாமி." சவரிமுத்துவின் நெற்றியில் வேர்வை. "இன்னொரு தபா கேளுங்க. வேணாம்னு சொன்னாலும் பரவால்லன்னு சொல்லி கேளுங்க."

அந்தோணியம்மா மகனைப் பார்த்த பார்வையில் அவர் எரிந்திருக்க வேண்டும். சுவாமியாருக்கு இது புத்தகத்தில் இல்லாத விசயம். கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் குரலே மாறிவிட்டது. "மகளே, உன்னை ஒருவரும் வற்புறுத்தவில்லை. உன் மனத்தில் இருப்பதை இவர்கள் அனைவரும் அறியும்படி சொல்" என்றார்.

றெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். நான் முடிந்தது என்றே நினைத்தேன். பெட்டியைக் கட்டி, கப்பல் ஏறி, அப்பு முன்னால் போய் நிற்பது வரைக்கும் மனதில் பார்த்துவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்த தலையை நிமிர்த்திச் சவரிமுத்துவைப் பார்த்தாள். வந்த நாளில் இருந்து அவரை நேருக்கு நேர் அவள் பார்த்தது அதுதான் முதல் தரம்.

"எனக்கு இவரிலை விருப்பம், சுவாமி" என்றாள். "இவர் எங்கட வீட்டிலை வந்து சாப்பிட்ட அன்றையிலிருந்தே விருப்பம். கலியாணம் விருப்பமோ எண்டுதான் கேட்டவை, இவரிலை விருப்பமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை."

சுவாமியார் வாயைத் திறந்து, மூடி, மெல்ல, "சம்மதம் என்றும் சொல், மகளே. எனக்கு அதுவும் தேவை" என்றார்.

"சம்மதம், சுவாமி."

"எனக்குந்தான், சாமி" என்றார் சவரிமுத்து.

"உம்மிடம் முன்னமே கேட்டாயிற்று" என்றார் சுவாமியார். துறைமுகத்து ஆட்கள் சிரித்தார்கள். அந்தோணியம்மா முந்தானையில் மூக்கைச் சிந்தினா. நான் அழுதேன், வெட்கமில்லாமல் விம்மி அழுதேன். பக்கத்தில் நின்ற மனுசன், பெண்ணைப் பிரிகிற துக்கமாக்கும் என்று என் முதுகைத் தடவினார். அவருக்கு என்ன தெரியும்?

வீட்டுக்குப் போனால் அம்மா கேட்பா, பிள்ளை மனசோடுதான் போனவளோ என்று. அவள் கோயிலில் சொன்னதை அப்படியே அம்மாவுக்குச் சொல்லுவேன். அப்பு முன்னாலும் சொல்லுவேன்.